அணைக்கரை மோட்டாரும் என் யோசனையும்

போன மாதம் ஒரு பையன் போன் செய்தான். பையன் என்று சொன்னாலும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. மலையில் சுற்றுலாப் படகுகள் விடுகிற ஓரிடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்திருக்கிறான். “ஐயா, அவுட்போர்டு மோட்டாரு எத்தன வருசம் உழைக்கும்?” என்று கேட்டான். “யாரு கையில?” என்று திருப்பிக் கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் விளையாடவில்லை. இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். மூன்றே வருடத்தில் பழைய இரும்புக்குப் போன மோட்டாரையும் பார்த்திருக்கிறேன். பேரன் எடுக்கிற வயதில் உள்ள மோட்டார் இரண்டாவது இழுப்பில் கிளம்பியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு.

போடியில் உட்கார்ந்துகொண்டு படகு மோட்டாரைப் பற்றிப் பேசுகிறேனே என்று சிரிப்பவர்களும் உண்டு. என் மாமனாரே சிரித்தவர்தான். “கடலு எங்க இருக்கு, நம்ம எங்க இருக்கோம் மாப்ளே” என்பார். கடல் இல்லைதான். போடிமெட்டைத் தாண்டி இறங்கினால் அணை இருக்கிறது. அணை நிரம்பினால் மலைமடிப்புகளுக்குள் எல்லாம் தண்ணீர் ஏறி நிற்கும். அந்தத் தண்ணீருக்கு அக்கரையில் ஓர் ஏலத் தோட்டம் இருந்தது. ஜீப்பு இக்கரை வரைக்கும்தான் போகும். சுற்றிக்கொண்டு நடந்தால் அரை நாள், அதுவும் யானை நடக்கிற பாதை. அதனால் அந்தத் தோட்டத்துக்கு அரிசி போவதும், ஆள் போவதும், ஏலக்காய் மூட்டை வருவதும் எல்லாமே ஒரு வள்ளத்தில்தான். முதலில் துடுப்பு போட்டார்கள். எழுபதுகளின் நடுவில் முதலாளி கொச்சிப் பக்கம் போய் ஒரு பழைய வெளிநாட்டு மோட்டாரை வாங்கி, ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதைப் பார்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் பட்டறைக்கு வந்தார்.

நான் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, போடியில் வீரணன் மேஸ்திரியின் பட்டறையில் சேர்ந்தேன். கிணற்று ஆயில் இன்ஜின்கள், ஏலத்துக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர்கள், இவைதான் எங்களுக்குச் சோறு போட்டன. ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்ட கதையை எல்லாம் விவரித்தால் படிப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். ஏழெட்டு வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கார்புரேட்டர் கழற்றுவேன் என்கிற அளவுக்கு வந்திருந்தேன். அந்த அளவுக்கு வாய்க்கொழுப்பும் வந்திருந்தது.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. எந்த வேலைக்குப் போனாலும் கையில் ஒரு வெள்ளை வேட்டித் துண்டு இருக்கும். அதைத் தரையில் விரித்து, கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் கழற்றின வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைப்பார். ஒரு வாஷர்கூட வரிசை மாறக் கூடாது. “என்ன கோளாறு?” என்று யாரையும் கேட்கமாட்டார். “கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?” என்றுதான் கேட்பார். கோளாறு என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவார்கள், நன்றாக ஓடின நாளைக் கேட்டால் உண்மையைச் சொல்லுவார்கள் என்பது அவர் கணக்கு. இன்னொரு பழக்கமும் உண்டு. சாதாரணமாக என்னை “அப்பு” என்பார், “வாடா, போடா” என்பார். கோபம் வந்துவிட்டால் “வாங்க, போங்க” என்று மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார். அந்த மரியாதைக்கு நாங்கள் எல்லோரும் நடுங்குவோம்.

அந்த மோட்டாரை முதன்முதலாகப் பார்த்தபோது மேஸ்திரிக்கும் அது புதுசுதான். ஆனால் தெரிந்த மாதிரி நடிக்கவில்லை. வள்ளத்தின் பின்பலகையில் மாட்டி, கிளப்பச் சொல்லிவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே இன்ஜின், நடுவில் நீளமான தண்டு, அடியில் தண்ணீருக்குள் விசிறி. இன்ஜினைக் குளிர வைப்பதற்கு அணைத் தண்ணீரையே அடியிலிருந்து உறிஞ்சி, மேலே சுற்றவிட்டு, பக்கத்துத் துவாரம் வழியாக மெல்லிய தாரையாக வெளியே விடுகிறது. அந்தத் தாரையை மேஸ்திரி விரலில் பிடித்துப் பார்த்தார். “இது ஒன்னுக்குப் போறவரைக்கும்தான் உசிரோட இருக்கும். நின்னுச்சுன்னா உடனே அமத்திரணும்” என்று வள்ளம் ஓட்டுகிற சுருளியிடம் சொன்னார். சுருளி அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்.

சுருளி ராசிங்காபுரத்திலிருந்து மலைக்குப் போனவர். என்னைவிட ஓரிரு வயது குறைவு. மனைவி பேச்சியம்மா அதே தோட்டத்தில் காய் எடுக்கிறவர். இரண்டு பெண் குழந்தைகள். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசைக் குடியிருப்பில், ஒரு வீடு. வேலை இருக்கிறவரைக்கும்தான் அந்த வீடு. சுருளிக்கு அந்த மோட்டார்மீது இருந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. பெட்ரோலில் ஆயில் கலப்பதற்கு ஒரு டப்பாவில் ஆணியால் கோடு கீறி வைத்திருந்தார். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு போகாது, கீழேயும் நிற்காது.

முதல் வருடம் எங்களை அலையவிட்டது விசிறியில் இருக்கிற பின். விசிறியையும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது சுண்டுவிரல்கூட இல்லாத ஒரு பித்தளைப் பின்தான். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் தண்ணீருக்குள் மொட்டையாக நிற்கும். விசிறி அதில் இடித்தால் பின் உடைந்துவிடும், வள்ளம் நின்றுவிடும். வாரம் ஒருமுறை உடைந்துகொண்டிருந்தது. தோட்டத்து ஜீப்பு டிரைவர் கெட்டிக்காரர். “என்னய்யா பித்தள, கித்தள” என்று டிரில் பிட்டு ஒன்றை வெட்டிச் சொருகிவிட்டார். உருக்கு இரும்பு. இரண்டு வாரம் உடையவே இல்லை. டிரைவர் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். மூன்றாவது வாரம் விசிறி மரத்தில் இடித்தபோது பின் அப்படியே இருந்தது, உள்ளே கியர்ப் பல் மூன்று போய்விட்டது.

மேஸ்திரி வெள்ளைத் துண்டில் அந்தப் பற்களை வைத்துவிட்டு, டிரைவரிடம் மெதுவாகச் சொன்னார். “ஒடையறதுதான்ப்பா அதுக்குச் சோலி. அதை ஒடையவிடாமப் பண்ணிட்ட. வேற ஒன்னு ஒடஞ்சிருச்சு.” அதற்குப் பிறகு சுருளி மடியில் எப்போதும் நாலு பித்தளைப் பின்னைச் சுற்றி வைத்திருந்தார். தண்ணீரில் நின்றுகொண்டே மாற்றிவிடுவார்.

கியர் ஆயிலைப் பார்க்கவும் அப்போதுதான் கற்றோம். மாதம் ஒருமுறை அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் இரண்டு சொட்டு விழும். கருப்பாகவோ தேன் நிறத்திலோ விழுந்தால் நல்லது. பால் கலந்த மாதிரி விழுந்தால் உள்ளே தண்ணீர் போகிறது, அதைத் தடுக்கிற சீல் போய்விட்டது என்று அர்த்தம். அணையில் மீன் பிடிக்கிறவர்கள் விட்ட தூண்டில் நரம்பு விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். விசிறியைக் கழற்றிப் பார்த்தால் ஒழிய வெளியில் தெரியாது. இதையும் சுருளி ஒருமுறை சொன்னதோடு பிடித்துக்கொண்டார்.

இனிமேல்தான் என் சங்கதி. ஜூன் பிறந்தால் மலையில் எதுவுமே காயாது. துவைத்த துணி, விறகு, தீப்பெட்டி எல்லாம் நமுத்துப்போகும். மோட்டாரில் பொறி கொடுக்கிற கம்பிச்சுருளைக் காயில் என்போம், அதில் ஈரம் பிடித்துவிட்டால் காலையில் பொறி வராது. சுருளி கயிற்றை இழுத்து இழுத்துக் கை காய்த்துப்போய்விடுவார். இக்கரையில் விடியற்காலை ஜீப்பில் வந்து இறங்கின பெண்கள் முக்காட்டோடு மழையில் நிற்பார்கள். ஆள் அனுப்புவார்கள், நான் போடியிலிருந்து மலையேறுவேன், காயிலைக் கழற்றி அடுப்பில் காட்டிச் சூடேற்றி மாட்டுவேன், கிளம்பும். ஒரே மழைக்காலத்தில் இப்படி மூன்று முறை ஏறினேன்.

மூன்றாவது முறை எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். வெளியே பெரிய அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய்கள் வழியாக உள்ளே ஓடி, மேலே தட்டுகளில் கிடக்கும் பச்சைக் காயை உலர்த்தும். மழைக்காலத்தில் அந்த மலையிலேயே ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். சுருளியைக் கூப்பிட்டேன்.

“சாயங்காலம் வள்ளத்தக் கட்டுனதும் மோட்டாரக் கழட்டு. ஸ்டோருக்குள்ள கொண்டா, குழாய்க்குப் பக்கத்துல நிப்பாட்டு. காலையில எடுத்து மாட்டு. பெட்ரோல் டேங்க்கை மட்டும் உள்ள கொண்டு போயிராத.”

“சூடு ஆகாதாண்ணே?” என்று சுருளி கேட்டார்.

“அது இன்ஜினுய்யா. சூட்டுலயே பொறந்தது” என்றேன்.

அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. மறுநாளிலிருந்து மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. சுருளி தினமும் அந்தப் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மேடேறினார், இறங்கினார். தோட்டத்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். நானும் தலைகால் புரியாமல் இருந்தேன். மேஸ்திரியிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. இவரைக் கேட்காமலே நானே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற இறுமாப்பில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடமும் அப்படியே ஓடியது. அதற்கடுத்த ஐப்பசியில், காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயத்தில், ஒரு மத்தியானம் வள்ளம் நடு அணையில் நின்றுவிட்டது. உள்ளே பதினாலு பெண்கள், ஐந்து மூட்டை. மழை கொட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர்த் தாரை விழுகிறதா இல்லையா என்று பார்க்க முடியாத மழை. சுருளிக்குக் கருகின வாடை வந்திருக்கிறது. அமர்த்துவதற்குள் மோட்டாரே இறுகி நின்றுவிட்டது. அணை நிரம்பி ஷட்டர் திறந்திருந்த நேரம். காற்றும் இழுப்பும் சேர்ந்து வள்ளத்தை அந்தப் பக்கமாகத் தள்ளின. இருந்தது ஒரே துடுப்பு. சுருளி துடுப்பைப் போட, பெண்கள் சோற்றுத் தூக்கு மூடிகளாலும் கைகளாலும் தண்ணீரைத் தள்ளியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு மொட்டை மரத்தில் போய் மோதி நின்றது. சுருளி கயிற்றை அந்த மரத்தில் கட்டிவிட்டார். மீன்காரர்கள் பரிசலில் வந்து இரண்டு இரண்டு பேராகக் கரை சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. மோதின வேகத்தில் ஒரு பெண்ணுக்கு முன்பல் இரண்டு போய்விட்டது. பிறகு அவரைப் போடியில் பலமுறை பார்த்திருக்கிறேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்.

மறுநாள் எங்களுக்கு ஆள் வந்தது. வந்தவர் சொன்னது இதுதான். சுருளி பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறார், ஆயிலை மிச்சம் பிடித்து ஜீப்புக்காரர்களுக்கு விற்றிருக்கிறார், அதனால்தான் மோட்டார் இறுகிவிட்டது என்று தோட்டத்தில் பேச்சு. மேஸ்திரி வந்து பிரித்துப் பார்த்துச் சொன்னதும் சுருளியை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள். ஒரு வாரத்தில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையில் திருட்டுப் பட்டத்தோடு இறங்கினால் வேறு எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும்.

நாங்கள் போனபோது மோட்டார் ஸ்டோர் வாசலில் ஒரு மேசைமேல் கிடந்தது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டயம் பக்கத்து மனிதர், மலையாளம் கலந்து பேசுவார், கெட்டவர் இல்லை. முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சுருளி தூணோரம் நின்றார். பேச்சியம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றார். காய் எடுக்கிற பெண்கள் சிலரும் தள்ளி நின்றார்கள்.

மேஸ்திரி துண்டை விரித்தார். “கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?” என்றார்.

“அன்னைக்குக் காலையில வரைக்கும் நல்லா ஓடுச்சுங்கய்யா” என்றார் சுருளி.

மேஸ்திரி முதலில் டேங்க்கைத் தொடவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி, அதன் அடிக் கிண்ணத்தில் தங்கியிருந்த பெட்ரோலை எடுத்தார். மேனேஜரிடம் ஒரு வெள்ளைக் காகிதம் கேட்டு வாங்கி, அதில் மூன்று சொட்டு விட்டார். “டேங்க்குல பெறகு யாரு வேணும்னாலும் கலந்திரலாம் சார். இது அன்னைக்கு ஓடிக்கிட்டிருந்தது, நின்னது நின்னபடி இருக்கு” என்றார். எல்லோரும் காகிதத்தையே பார்த்தோம். வெறும் பெட்ரோலாக இருந்தால் காற்றில் போய்க் காகிதம் சுத்தமாகிவிடும். பெட்ரோல் போனது. மூன்று இடத்திலும் எண்ணெய் வட்டம் தெளிவாக நின்றது. மேஸ்திரி காகிதத்தை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த திருகுக்குப் போனார்.

ஹெட்டின் மேல் பெயின்ட் கொப்பளித்திருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினார். பக்கமெல்லாம் கீறல். ஆனால் அடியில் பேரிங்கைத் தொட்டால் விரலில் எண்ணெய் பளபளத்தது. ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது அந்தப் பேரிங்தான். மேனேஜரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் தொட்டுப் பார்த்து, விரலைத் துடைத்துக்கொண்டார். “அப்போ எண்ண உண்டு. பின்னே எதுக்கு இறுகிச்சு மேஸ்திரி?” என்றார்.

சுருளி அதுவரைக்கும் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். அப்போதுதான் தோள் இறங்கியது.

மேஸ்திரி அடித் தண்டைப் பிரித்தார். தண்ணீரை மேலே தள்ளுகிற பம்பு அங்கேதான் இருக்கிறது. ஒரு சிறிய கிண்ணம், அதற்குள் ரப்பரில் ஆறு இதழ் வைத்த ஒரு சக்கரம். அந்த இதழ்கள் நாக்கு மாதிரி வளைந்து நிமிர்ந்தால்தான் தண்ணீர் ஏறும். திறந்ததும் மூன்று இதழ்களைக் காணோம். மேலே போகிற குழாயில் துண்டு துண்டாக அடைத்திருந்தன. மிச்சமிருந்த ஓர் இதழை மேஸ்திரி விரலால் மடக்கினார். வற்றல் மாதிரி ஒடிந்தது.

அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது என்று தோன்றியது. என்ன நடந்தது என்று எனக்கு அந்த நிமிடமே முழுசாகத் தெரிந்துவிட்டது.

மேஸ்திரி ஒடிந்த இதழை மோந்து பார்த்தார். “ரப்பர் வெந்திருக்கு. ஒரு நாள் சூடு இல்ல, மாசக்கணக்குல சூடு” என்றார். பிறகு சுருளியைப் பார்த்தார். “மோட்டார எங்கப்பா வப்ப?”

“ஸ்டோருக்குள்ளங்கய்யா. குழாய்க்குப் பக்கத்துல.”

மேனேஜர் எழுந்துவிட்டார். “எடோ, இத்தனை வெலையுள்ள சாமானைக் கொண்டு போய் அடுப்புச் சூட்டுல வச்சோ? ஆரு பறஞ்சு அங்கே வச்சே?”

சுருளி தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதைக் கூட்டிக் குறைக்காமல் எழுத வேண்டும். நான் பேசாமல் நின்றேன். ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்தேன். பட்டறைக்கு அந்தத் தோட்டத்து வேலை போய்விடும் என்று நினைத்தேன். மேஸ்திரி முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். போடி முழுக்கப் பேசுவார்களே என்றுகூட நினைத்தேன். சுருளியின் வீட்டைப் பற்றி நினைத்தது கடைசியாகத்தான். மேனேஜர், “பறயடா, சொல்லு” என்று இரண்டாவது முறை கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். அதற்குப் பிறகுதான் என் வாய் திறந்தது.

“நான்தான் சார் சொன்னேன். அங்க வைக்கச் சொன்னது நான். சூடு ஆகாதான்னு அவரு கேட்டாரு. ஒன்னும் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். “அப்போ இது ஆருட தப்பு மேஸ்திரி?”

“எங்க பட்டறையோடது சார்” என்றார் மேஸ்திரி. ஒரு நொடி யோசிக்கவில்லை. “மோட்டாரச் சரிபண்ணி நாங்களே கொண்டாந்து மாட்டிர்றோம். வள்ளத்த ஓட்டுறவரு மேல ஒரு குத்தமும் இல்ல. இப்படிப் பாத்துக்கிற ஆளு ஒங்களுக்கு வேற கெடைக்கமாட்டாரு.”

மேனேஜர் எண்ணெய் வட்டம் விழுந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மோட்டார் வருகிறவரைக்கும் துடுப்பு போடும்படி சுருளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வேலையை விட்டு நிறுத்துகிற பேச்சு அதோடு முடிந்தது.

ஜீப்பில் ஏறும்போது மேஸ்திரி, “நீங்க முன்னாடி உக்காருங்க” என்றார். அந்த மரியாதையில் நான் செத்தேன். போடிமெட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரத்து முந்தலுக்கு வந்தோம். அங்கே டீ குடிக்க நிறுத்தினார்கள். மேஸ்திரி கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். “ஈரத்துக்கு வைத்தியம் பாத்தீங்க, சரி. அந்த மோட்டாருல இரும்பு மட்டுமா இருக்கு? ரப்பரு இருக்கு, சீலு இருக்கு. ஒன்னுக்கு நல்லதுன்னா எல்லாத்துக்கும் நல்லதுன்னு எப்படி முடிவு பண்ணுனீங்க?” டீயைக் குடித்து முடித்தவர், எழுந்திருக்கும்போது, “ஏறு அப்பு, நேரமாச்சு” என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மழைத்துளி என்று துடைத்துக்கொண்டேன்.

மோட்டாரைச் சரிசெய்ய ஒன்றரை மாதம் ஆனது. சிலிண்டரை மதுரையில் கடைந்து வாங்கினோம். பிஸ்டனுக்கும் ரப்பர்ச் சக்கரத்துக்கும் நானே கொச்சிக்குப் போய் நாலு நாள் அலைந்தேன். ரப்பர்ச் சக்கரத்தை இரண்டாக வாங்கிவந்தேன். பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கு வைத்துக்கொண்ட பழக்கத்தை ஓய்வு பெறுகிறவரைக்கும் விடவில்லை. ஈரத்துக்கு மேஸ்திரி சொன்ன வழி எளிமையானது. காற்றோட்டமான கொட்டகையில் மோட்டாரை நிமிர்த்தி மாட்டி, உள்ளே தங்கின தண்ணீர் வடிந்துவிடும்படி விட வேண்டும். தலைக்கு மட்டும் ஒரு தார்ப்பாய்த் தொப்பி. கரையை நெருங்கும்போதே பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரில் இருக்கிறதும் எரிந்து தானாக நிற்கும்படி விட வேண்டும். காலையில் பிளக்கைக் கழற்றி, காயிலைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் நான் அத்தனை பெரிய யோசனை செய்திருந்தேன்.

அந்த மோட்டார் அதற்குப் பிறகு எண்பதுகள் முழுக்க ஓடியது. அக்கரைக்கு ரோடு போட்ட பிறகுதான் இறக்கி வைத்தார்கள். போன் செய்த பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன், குறித்துக்கொண்டான். ஆனால் மோட்டாரைத் திரும்ப மாட்டின நாளில் நடந்ததை அவனிடம் சொல்லவில்லை. போனில் சொல்லுகிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு மாட்டி, ஓட்டிப் பார்த்து, தண்ணீர்த் தாரை நன்றாக விழுந்தது. சுருளி கரையில் பின்களை எண்ணி மடியில் சுற்றிக்கொண்டிருந்தார். பேச்சியம்மா லயத்திலிருந்து பால் இல்லாத கட்டன்காப்பி கொண்டுவந்தார். வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “ஏன் சுருளி, அன்னைக்கு மேனேஜர் மூனு தடவ கேட்டாரே, என் பேர ஏன் சொல்லல?”

சுருளி வெட்கப்பட்டுக்கொண்டு, “விடுங்கண்ணே” என்று மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேச்சியம்மாதான் சொன்னார். “நான் சொல்லத்தாண்ணே வந்தேன். ரெண்டு பொட்டப்புள்ளைகள வச்சுக்கிட்டு நாங்க எங்க போறது? மொதத் தடவ கேக்கையிலயே வாயத் தொறந்துட்டேன். இவுகதான் பின்னாடி கையவிட்டு என் மணிக்கட்டப் புடிச்சு நெரிச்சாக. ரகசியமா, ‘பொறு, அவரா சொல்லுவாரு. செத்த நேரம் குடு அவருக்கு’ன்னாக. நீங்க சொல்ற வரைக்கும் புடிய விடல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “வெரசாச் சொல்லிருக்கக் கூடாதாண்ணே? மூனு நாளு கை வீங்கிப்போயி நான் காயெடுக்கப் போகல.”

காப்பியைக் கீழே வைத்தேன். எந்தக் கை என்று கேட்டேன்.

அவர் வலது கையை நீட்டிக் காட்டினார்.